ஃபாரின் பெட்டி

ஆம்ப்ளிஃபையர் வாங்க வருகிறவர்கள் முதலில் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பெயரைத்தான் பார்ப்பார்கள். அப்புறம் விலையைக் கேட்பார்கள். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கிற ஆளை என் கடையில் நான் கண்டதே அபூர்வம். திருகாணி கழற்றி உள்ளே பார்க்கிறவர் யாருமே கிடையாது. அதற்குத்தான் நான் இருக்கிறேனே என்று விட்டுவிடுவார்கள்.

அந்த எண்ணெய் வைத்தியர் கேஸில் என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள், தெரியும் ஐயா. சகாதேவனை அவரிடம் அழைத்துக்கொண்டு போனது யார் என்று கேட்டீர்கள். நான்தான். அதை ஒரு வரியில் எழுதிக்கொண்டு என்னை அனுப்பிவிடலாம். ஆனால் ஏன் அழைத்துப் போனாய் என்று இன்னொரு கேள்வியும் கேட்டுவிட்டீர்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் பெட்டியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

என் பெயர் முருகவேல். போளூர் ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்தில் ரிப்பேர் கடை. மைக்செட், மிக்ஸர், கிடார் ஆம்ப் எல்லாம் பார்ப்பேன். எனக்குப் பிடித்தது பேஸ் கிடார் ஆம்ப்தான். பாட்டுக்கு அடியில் தும் தும் என்று ஒரு சத்தம் போகுமே, அதுதான் பேஸ் கிடார். நாலே கம்பி. அந்தச் சத்தத்தைச் சாதாரணப் பெட்டி தாங்காது. கனமான பலகை வேண்டும், பெரிய ஸ்பீக்கர் வேண்டும், கரண்டை இழுக்க இழுக்கச் சளைக்காமல் கொடுக்கிற ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனிகள் அதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, அதன் மேல் தங்கள் பெயருக்கென்று ஒரு விலையும் சேர்த்து வைக்கும். நம் ஊர் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் அதைக் கண்ணால் பார்க்கலாம், வாங்க முடியாது.

அதனால் நானே செய்தேன். நல்ல ப்ளைவுட், முனைக்கு முனை இரும்புக் காப்பு, தூக்கிப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. ஃபாரின் பெட்டி விலையில் நாலில் ஒரு பங்குக்குக் கொடுத்தேன். அந்த விலைக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்பதற்காக ட்ரான்ஸ்ஃபார்மரில் மட்டும் செம்புக் கம்பிக்குப் பதில் அலுமினியம் சுற்றியதை வாங்கிப் போட்டேன். பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள், யார் திறந்து பார்க்கப் போகிறார்கள். முன்பக்கம் பித்தளைத் தகட்டில் 'தென்றல்' என்று தமிழில் எழுத்து. அது என் மகளின் பெயர். அந்த எழுத்தை வரைந்து கொடுத்ததும் அவள்தான், ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். முதல் தகடு வெட்டி வந்த அன்றைக்கு அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினாள். எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் வாழ்க்கையில் வந்ததில்லை, இனிமேல் வரவும் போவதில்லை.

நம் மாவட்டத்தில் ஒரு பேஸ் ஆம்ப் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்கிறவர் சகாதேவண்ணன் ஒருத்தர்தான். அவர் சரி என்றால் செய்யாறு, ஆரணி, செங்கம் வரைக்கும் எல்லாக் குழுவும் அதையே வாங்கும். அவர் உதட்டைப் பிதுக்கினால் கடைக்காரன் ஸ்டாக்கைத் திருப்பி அனுப்பிவிடுவான். அவரிடம் இருந்தது அமெரிக்கக் கம்பெனிப் பெட்டி. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம், அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. செங்கம் ரோட்டில் ஆசிரமங்கள் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. வேங்கிக்காலில் மனைக்கு முன்பணம் கட்ட வைத்திருந்த காசை அதில் கொட்டினார். அவர் வீட்டுக்காரம்மா சரசக்கா ரொம்ப நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பெட்டிக்கு வெல்வெட்டில் உறை தைத்துப் போட்டிருந்தார். கிரிவலம் போகிறவர்கள் மலையைப் பார்க்கிற மாதிரி பக்தியாக அதைப் பார்ப்பார்.

ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் என் பெட்டியில் வாசித்துப் பாருங்கள் என்று நான் அவரைக் கெஞ்சினேன். ஒத்துக்கொண்டார். அடி அண்ணாமலையில் ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய அன்று சாயங்காலம் கச்சேரி. என் வீட்டில் எல்லோரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நாலு பாட்டு நன்றாகப் போனது. ஐந்தாவது பாட்டில் பெட்டி கரகரவென்று இழுக்க ஆரம்பித்தது. ஜெனரேட்டர் வோல்டேஜ் இறங்கிவிட்டது, வேறொன்றுமில்லை. சகாதேவண்ணன் பாட்டை நிறுத்தச் சொன்னார். மைக்கைக் கையில் எடுத்தார்.

“மன்னிச்சிக்கோங்க. எங்க பேஸு இருமுது. லோக்கல் பெட்டி. தென்றல்னு பேரு வச்சிக்கிறாங்க, பாவம், சளி புடிச்சிக்கிச்சி.”

ஊரே சிரித்தது. எவனோ செல்போனில் எடுத்திருந்தான். மறுநாளைக்குள் மாவட்டத்தில் இருக்கிற எல்லா ஆர்கெஸ்ட்ரா வாட்ஸ்அப் குரூப்பிலும் அது ஓடியது. சொல்லி வைத்திருந்தவர்கள் எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அது கூடப் பரவாயில்லை ஐயா, வியாபாரம் இன்றைக்குப் போகும், நாளைக்கு வரும். என் மகளைப் பள்ளிக்கூடத்தில் 'சளி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் வகுப்புக்குள் நுழைந்தால் பின்பெஞ்சில் இருமுவார்களாம். பிளஸ் டூ முடித்ததும் கெஜட்டில் கொடுத்துப் பெயரை மாற்றிக்கொண்டாள். இப்போது அவள் பூஜா. வீட்டில் நான் பழைய பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் வைத்த பெயரை ஒருத்தன் மைக்கில் பேசிய ஒரு பேச்சு தின்றுவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது, உங்களிடம் மறைக்க வேண்டிய அவசியமில்லை.

கச்சேரிக்கு மறுநாள் அவர் கடைக்கு வந்தார். தமாசுக்குச் சொன்னன்டா வேலு, மனசுல வச்சிக்காத என்று முதுகில் தட்டினார். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அவருடைய ஃபாரின் பெட்டியைச் சர்வீஸ் பார்ப்பது நான்தான். ஊரில் அந்த வேலை தெரிந்தவன் வேறு ஆளில்லை. நான் செய்த பெட்டியை நம்பாதவர் என் கையை மட்டும் நம்பினார். திருவிழா சீசன் முடிந்ததும் தூசி தட்டக் கொண்டு வந்து வைப்பார். அந்த வருஷமும் கொண்டு வந்தார். அன்றைக்கு நான் எதுவும் திட்டம் போட்டிருக்கவில்லை என்று சொன்னால் நன்றாக இருக்கும். ஆனால் போட்டிருந்தேன்.

பெட்டியைத் திறந்தேன். அவர்கள் வேலையைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு ஒயரும் படிய வாரிய தலை மாதிரி இருக்கும். அதில் சத்தத்தின் அடிப்பாகத்தை உள்ளே விடுகிற ஒரு சின்ன உறுப்பை எடுத்துவிட்டு, அதைவிடச் சிறியதை வைத்தேன். எடுத்ததை ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாகப் போட்டுவைத்தேன். அடிச் சத்தத்தில் கொஞ்சம் குறைந்தது. கேட்கிறவருக்கு ஏதோ ஒரு மாதிரி இருக்கும், என்னவென்று தெரியாது. அவ்வளவுதான்.

இங்கே உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மேடையில் பேஸ் வாசிப்பவருக்குப் பின்னால் இருக்கிற பெட்டி அவர் காதுக்காக வைத்தது. ஜனங்களுக்குப் போகிற சத்தம் கிடாரிலிருந்து தனி ஒயரில் மிக்ஸருக்குப் போய், அங்கிருந்து பெரிய ஸ்பீக்கருக்குப் போகும். பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதாவது, நான் செய்ததால் எந்தக் கச்சேரியும் கெடவில்லை. பாட்டுக் கேட்க வந்தவர்கள் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். குறைந்தது அவர் ஒருத்தருக்கு மட்டும்தான்.

அவர் மிக்ஸரில் நிற்கிற ஃபைஸைப் பார்த்துக் கையைக் காட்டுவார், பேஸ் வருகிறதா என்று. ஃபைஸ் நல்ல பையன், பொய் சொல்லத் தெரியாதவன். சூப்பரா கேக்குதுண்ணா, ஜாஸ்தியாவே இருக்கு, கம்மி பண்ணவா என்பான். கூட வாசிப்பவர்களும் அதையேதான் சொன்னார்கள். அப்புறம் அவர் பெட்டியை என்னிடம் கொண்டு வந்தார். அடியில ஏதோ கொறையுது, நல்லா பாரு என்றார். பார்த்தேன். இன்னும் கொஞ்சம் குறைத்தேன். தூசி தட்டி, துடைத்து, வெல்வெட் உறையைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

“பெட்டி நல்லாத்தான்ணே இருக்குது.”

“அதானே. இந்தப் பெட்டிக்கு என்ன வரப்போவுது,” என்றார். சொல்லிக்கொண்டே வலது காதைச் சுண்டுவிரலால் குடைந்தார்.

காதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை, இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவராகவே கண்டுபிடித்தார். பெட்டியில் கோளாறு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அத்தனை விலை கொடுத்த பெட்டி, அத்தனை பேர் பெற்ற கம்பெனி. அதைச் சந்தேகப்படுவதைவிடத் தன் காதைச் சந்தேகப்படுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. என் கடையில், அவர் உட்காருகிற ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே, விற்காமல் போன தென்றல் பெட்டி ஒன்று கிடந்தது. அதில் ஒரே ஒரு தடவை ஒயரைச் சொருகி வாசித்துப் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். நான் அதை ஒளித்து வைக்கவில்லை. சுவிட்சுகூடப் போட்டுத்தான் வைத்திருந்தேன், முன்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அவர் அதன் மேல் டீ கிளாஸை வைப்பார், வாசிக்க மாட்டார். கௌரவம் விடாது.

இரண்டு வருஷத்துக்கு மேல் இப்படியே போயிற்று. அவர் வால்யூமைக் கூட்டினார். அடிச் சத்தம் கேட்க வேண்டும் என்று கம்பியை அழுத்தி அழுத்தி விரல் புண்ணானது. வேங்கிக்காலில் புதிதாகத் திறந்திருந்த காது பரிசோதனை நிலையத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். அங்கே இருந்த பெண் ஹெட்போனை மாட்டிவிட்டுப் பொறுமையாகச் சோதித்தது. உங்க வயசுக்கு இது ரொம்ப நல்ல காது சார், அடிச் சத்தம் எல்லாம் சுத்தமா கேக்குது, கவலைப்படாதீங்க என்றது. உண்மையைத்தான் சொன்னது. எல்லாம் இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும் சகாதேவண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். “அந்த மெஷின பாத்தியா? பேரே கேள்விப்பட்டதில்ல. லோக்கல் மால். அதுக்கு என்னா தெரியும்.”

ஆமாம் என்றுகூட நான் சொல்லவில்லை ஐயா. சும்மா நடந்தேன்.

அதற்கப்புறம் அவர் ரொம்ப ஒடிந்துவிட்டார். ஒரு கல்யாண ரிசப்ஷனில் பாட்டு நடுவில் வாசிப்பதை நிறுத்திவிட்டு, கிடாரைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிப்போனார். எனக்கு ஒண்ணும் கேக்கல, எதை வச்சு வாசிக்கிறது என்றாராம். குழுவில் வேறு ஆள் தேடவில்லை. அந்தச் சத்தத்தைக் கீபோர்டிலேயே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துகொண்டார்கள். முப்பது வருஷமாக வாசித்தவருக்குப் பதில் ஒரு பொத்தான். சரசக்கா என்னைப் பார்த்து அழுதது, நீதாம்பா அவர எங்கயாவது நல்ல எடத்துல காட்டணும் என்று. வீட்டில் டிவி சத்தமெல்லாம் அவருக்கு நன்றாகத்தான் கேட்டது. ஆனால் பயம் பிடித்த மனுஷனுக்கு எது கேட்டாலும் குறைவாகத்தான் கேட்கும். ஃபேன் ஓடுகிற சத்தம் முன்னைவிடக் கம்மியாக இருக்கிறதே என்று ஒருநாள் பூராவும் அதன் கீழேயே உட்கார்ந்திருந்தாராம்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேரும் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தோம். அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேலு, அன்னிக்கி அடி அண்ணாமலையில உன் பெட்டிய மைக்ல பேசுனன் பாரு. இப்ப யோசிச்சிப் பாக்கறன். உன் பெட்டி நல்லாத்தான் இருந்திருக்கும். என் காதுதான் அப்பவே போயிருக்கு. தெரியாம பேசிட்டன்டா. கொழந்த பேர வேற இழுத்துட்டன்.”

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எத்தனை வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை அது. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், நிறுத்தியிருக்கலாம். ஆனால் நீங்கள் யோசித்துப் பாருங்கள். பேசியது மைக்கில், ஊரே கேட்டது. மன்னிப்புக் கேட்டது ஆட்டோவில், நானும் டிரைவரும்தான் இருந்தோம். அது எப்படிச் சரியாகும். பரவால்லண்ணே, விடுங்க என்றேன். அப்புறம், எனக்குத் தெரிஞ்சு ஒரு வைத்தியர் இருக்கிறார், காதுக்கென்றே பார்க்கிறவர் என்றேன்.

உங்கள் கேஸில் இருக்கிற ஆள்தான். லாட்ஜில் ரூம் எடுத்துத் தங்கி, வருகிறவர்கள் காதில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருடைய மைக்செட்டை ரிப்பேர் பார்க்கப் போனபோது எனக்குப் பழக்கம். அவரிடமிருந்து வெளியே வருகிறவர்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சுவரைப் பிடித்தபடி படி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். பஞ்சு சிவப்பாக இருக்கும். ஒரு அம்மா போன மாதம் வரை கேட்டுக்கொண்டிருந்த காது இப்போது சுத்தமாகக் கேட்கவில்லை என்று வாசலில் நின்று சண்டை போட்டதையும் பார்த்திருக்கிறேன். அதனால், தெரியாமல் அழைத்துக்கொண்டு போய்விட்டேன் என்று நான் சொல்லப் போவதில்லை. தெரிந்துதான் போனேன்.

சகாதேவண்ணன் ஒரு கேள்விதான் கேட்டார், இந்த எண்ணெய் எந்த ஊர்லருந்து வருது என்று. வெளிநாட்டிலிருந்து வருகிறது என்றார் வைத்தியர். சகாதேவண்ணன் உடனே ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டார். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. என் கையைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார், கொடுத்தேன். முதல் காதுக்கே ரொம்பத் துடித்தார். இன்னொரு காது வேண்டாம் என்று எழுந்துவிட்டார். பாதியில விட்டா பலன் இருக்காதுண்ணே என்று நான்தான் சொல்லித் திரும்பவும் படுக்க வைத்தேன். அவர் கையை நான் கடைசிவரை விடவில்லை.

காய்ச்சல் வந்தது, சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு காதிலும் சவ்வு வெந்துபோய், உள்ளே வரைக்கும் கெட்டுவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். இப்போது அவருக்கு நிஜமாகவே எதுவும் கேட்காது. ஆறு மாதம் முன்னால் வரைக்கும் அவருக்கு ஒரு குறையும் இல்லாமல் இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் புகாரில் என் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. நீ என் நல்லதுக்குத்தான செஞ்ச என்று என்னிடமே சொன்னார், தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று தெரியாமல் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி.

போன மாதம் சரசக்கா அந்த ஃபாரின் பெட்டியை வண்டியில் ஏற்றி என் கடைக்கு அனுப்பிவிட்டது. இத்தனை வருஷம் பார்த்துக்கிட்டவன் அவன்தான், அவனே வச்சிக்கட்டும் என்று அவர் சொன்னாராம். பிஸ்கட் டப்பாவைத் திறந்து, நான் எடுத்ததையெல்லாம் பழையபடி வைத்தேன். ஒரு பேஸ் கிடாரை மாட்டி மேல் கம்பியை ஒரு தடவை தட்டினேன். அலமாரியில் இருந்த திருகாணிகள் எல்லாம் அதிர்ந்தன. என்ன பெட்டி ஐயா அது. கொடுத்த விலைக்கு ஒரு பைசா நஷ்டமில்லை.

சென்னையில் இருக்கிற மகளுக்குப் போன் போட்டு, சகாதேவனுக்குக் காது போய்விட்டது என்று சொன்னேன். அழுதுவிட்டாள். பாவம்பா, எவ்ளோ நல்லா வாசிப்பாரு என்றாள். அவர் உன்னைப் பேசினது ஞாபகம் இல்லையா என்று கேட்டேன். அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன்பா, நீ இன்னுமா அதையே நெனச்சிக்கிட்டு இருக்க என்று கேட்டாள். அவள் சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும். பெற்றவனுக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் உங்களிடம் முதலில் சொல்வதாக நினைக்காதீர்கள். சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். சரசக்கா பால் வாங்க வெளியே போயிருந்தது. எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முதல் சர்வீஸில் ஆரம்பித்து எண்ணெய் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் இரண்டு தடவை தலையாட்டினார். முடித்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் மேல் அவருக்குக் கோபம் ஏதாவது இருந்திருந்தால் அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரே ஐயா.